மயில்கழுத்து சைக்கிளின் கேரியர்

பேரில் மட்டும்தான் அவர் மகாராஜன். சங்கரன்கோவிலில் பவர்லூம் பிட்டர் வேலை. எந்தத் தெருவில் தறி மக்கர் செய்தாலும் ஆள் அனுப்புவார்கள். மொபெட்டில் ஸ்பேனர் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் நிற்பார். தறிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, எண்ணெய் நெற்றியில் சொட்ட, எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். வயது ஐம்பத்தொன்று. முப்பது வருசத் தறிச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் சொல்லும் ரகசியம்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும். இந்த ஊரில் அவரைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் ஒன்றும் கிடையாது. நல்லதாக நாலு வார்த்தை சொல்லவும் யாரும் மெனக்கெட்டதில்லை.

போன சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கச்சி கோகிலா மும்பைப் பக்கம் பிவண்டியிலிருந்து போன் செய்தாள். ஞாயிறுதோறும் செய்கிறவள்தான். சாப்பிட்டாச்சா, மழை உண்டா, அண்ணி சௌக்கியமா என்று மூன்று கேள்வி. இந்தப் பக்கமிருந்து மூன்று பதில். அதற்குமேல் போனில் அவள் என்ன பேசினாலும் மகாராஜனுக்கு ஒழுங்காகக் கேட்காது, கேட்டதுபோல 'ம்' போட்டுக்கொண்டிருப்பார். அன்றைக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, இந்த ஆடித் தபசுக்கு வாரேன். தனியாத்தான் வாரேன். நாலு நாள் இருப்பேன்."

பதினொரு வருசத்துக்குப் பிறகு, கோவில் திருவிழாவுக்கு வருகிறாள். கடைசியாக வந்தது அம்மா செத்தபோது. அதற்கு முன்னால் அப்பா செத்தபோது. இரண்டு தடவையும் வீடு நிறைய ஆள், அழுகை, பந்தி, பதினாறாம் நாள் முடிந்ததும் ரயில். அண்ணனும் தங்கச்சியும் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கக்கூட நேரம் வாய்க்கவில்லை. மகாராஜன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனார். மேலே உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்த சைக்கிளை அண்ணாந்து பார்த்தார். அதன் ஹேண்டில்பாரில் பழைய நூல் சிட்டங்கள் தொங்கின. டயர் இருந்த இடத்தில் வெறும் வளையம். ரெண்டு சிட்டுக்குருவி சீட்டுக்கு அடியில் குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தன.

அது ஒரு மலை சைக்கிள். தொண்ணூற்று நாலாம் வருசம் வாங்கியது. கம்பெனிப் பேர் எதற்கு, சொன்னால் விளம்பரமாகிவிடும். அந்த வருசம் கோகிலா பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். பிளஸ் டூ படிக்க வேண்டுமென்றால் சொந்த ஊரான பொட்டல்குளத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் சங்கரன்கோவிலுக்கு வர வேண்டும். ஊருக்கு வரும் ஒரே பஸ் அதன் இஷ்டத்துக்கு வரும், அதன் இஷ்டத்துக்குப் படுத்துக்கொள்ளும். மகாராஜனுக்கு அப்போது இருபது வயது. சங்கரன்கோவிலில் தறிப் பட்டறையில் கையாள். ஆட்டுக் கிடையில் பாதியை விற்று, "ஒரு சைக்கிள் வாங்குலே, நீயும் வேலைக்குப் போ, அவளையும் பள்ளிக்கூடத்துல விடு" என்று அப்பா சொன்னார். அவர் நினைத்தது சாதாரணக் கறுப்பு சைக்கிள். மகன் போய்க் கொண்டுவந்ததோ மயில்கழுத்து நிறத்தில், கொட்டை கொட்டையாக டயர் போட்ட, அஞ்சு கியர் வைத்த, கம்பியில் மலைப்படம் ஒட்டிய வண்டி.

"மலையில ஓட்டுத சைக்கிளாம்லா. இங்கன மலை எங்கலே இருக்கு?" என்று அப்பா ஒரு வாரம் ஏசினார். மலை மேற்கே தூரத்தில் நீலமாகத் தெரியத்தான் செய்தது. அவ்வளவு தூரம் யார் போகப்போகிறார்கள் என்பதுதான் அப்பாவுடைய கேள்வி.

அந்த வண்டிக்கு ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல் கிடையாது, கேரியரும் கிடையாது. ஃபாரின் பாணியாம். நம் ஊரில் அந்தப் பாணி கடை வாசலோடு சரி. எந்த மலை சைக்கிள் வந்தாலும் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "கேரியர் என்ன மாடல் மாட்ட?" என்பதுதான். கேரியர் இல்லாத சைக்கிளில் புல்லுக்கட்டை எங்கே வைப்பது, தங்கச்சியை எங்கே வைப்பது? கடையில் இருந்த கேரியர் எதுவும் இந்த வண்டியின் குறுகின உடம்புக்கு உட்காரவில்லை. அதனால் மகாராஜன் பட்டறையில் கழித்துப் போட்ட தறிக் கம்பிகளை எடுத்து வளைத்து, தானே ஒரு கேரியர் செய்தார். வெல்டிங் பழகிக்கொண்டிருந்த நேரம். பற்றவைத்த இடமெல்லாம் கட்டி கட்டியாக இருக்கும். ஆனால் ஒரு யானையே ஏறி உட்காரலாம். சாக்குப் பையில் நூல் கழிவை அடைத்து ஒரு மெத்தை தைத்து, பாவு நூலை முறுக்கி அதை இறுக்கிக் கட்டினார். அவர் முழுசாகச் செய்து முடித்த முதல் வேலை அதுதான்.

இரண்டு வருசம் அந்தக் கேரியரில் கோகிலா பள்ளிக்கூடம் போனாள். காலையில் ஒன்பது, சாயங்காலம் ஒன்பது. ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அன்றன்றைய பாடத்தைச் சத்தம் போட்டு ஒப்பிப்பாள். காற்றில் பாதி போய்விடும் என்பதால் அண்ணன் முதுகுக்கு நேராகக் குனிந்து ஒப்பிப்பாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன மகாராஜனுக்கு முதுகு வழியாகவே உயிரியல் முழுக்க ஏறிவிட்டது. இதயத்துக்கு எத்தனை அறை, ரத்தம் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது, எல்லாம் இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். இடையிடையே, குளத்துக்கரை மேடு வரும்போது, "அண்ணே, ஒரு தடவை நான் ஓட்டட்டா?" என்பாள். "நாளைக்குப் பாப்போம்" என்று அவர் சிரிப்பார். அவ்வளவு சந்தோசமான இரண்டு வருசம் அவருக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை. கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், வீடு கட்டினார், எல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சத்தம் முதுகில் படுகிற சுகம் வேறு.

அவள் பிளஸ் டூவிலும் நல்ல மார்க். நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள், அப்ளிகேசன் வாங்கி நிரப்பியும் வைத்திருந்தாள். அதற்குள் பிவண்டியிலிருந்து மாமா வந்து, என் மகனுக்குத்தான் கோகிலா என்று உட்கார்ந்துவிட்டார். அப்பா மகாராஜனைப் பார்த்து, "நீ என்னலே சொல்லுத?" என்று கேட்டார். கோகிலா அடுப்படி நிலையில் நின்றுகொண்டு அண்ணன் வாயையே பார்த்தாள். மகாராஜன், "நீங்க பாத்துச் செய்யுங்கப்பா" என்றார். இருபத்தொன்பது வருசமாக அந்த மூணு வார்த்தையை அவர் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. கோகிலாவும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் சைக்கிளைக் கட்டித் தொங்கவிட்டார். பிறகு சங்கரன்கோவிலில் வீடு கட்டி வந்தபோது, அதைத் தகரக் கொட்டகை உத்தரத்துக்கு மாற்றினார்.

இப்போது அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். சைக்கிளை இறக்கி, அன்றைக்கு இருந்த மாதிரியே ஆக்க வேண்டும். தபசு முடிந்த மறுநாள் கோகிலாவைப் பின்னால் உட்காரவைத்துப் பொட்டல்குளத்துக்குப் போய், குலசாமியைக் கும்பிட்டு வர வேண்டும். அதே ஒன்பது கிலோமீட்டர். அவள் முதுகுக்குப் பின்னால் ஏதாவது பேசிக்கொண்டே வர வேண்டும். பாடமாக இருக்க வேண்டியதில்லை. பிவண்டியில் காய்கறி என்ன விலை என்று பேசினால்கூடப் போதும்.

இறக்கிப் பார்த்தால் கதை வேறாக இருந்தது. பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கியர் மாற்றும் லீவர் முறிந்திருந்தது. பின்சக்கரப் பல் தேய்ந்து மழுங்கியிருந்தது. சங்கரன்கோவில் சைக்கிள் கடைகளில் கேட்டால், "அண்ணாச்சி, அதுக்குச் சாமான் வாரது நின்னு மாமாங்கமாச்சு. இதக் கழட்டிப் போட்டுட்டுப் புது மாடல் மாட்டிருவோமா?" என்றார்கள். மகாராஜனுக்கு அது பிடிக்கவில்லை. ஒருத்தர் மட்டும், புளியங்குடியில் ஆஷிக் அலி என்று ஒருவர் பழைய மலை சைக்கிளாக வாங்கிச் சேர்க்கிறார், அவரைப் போய்ப் பாருங்கள் என்று நம்பர் கொடுத்தார்.

ஆஷிக் அலிக்கு எலுமிச்சங்காய்க் கமிஷன் கடை. கடைக்குப் பின்னால் குடோனில் ஒரு பாதி எலுமிச்சை மூட்டை, மறு பாதி சைக்கிள். அவருக்கு ஒரே ஒரு வெறி. எந்த வருசத்து வண்டியோ அந்த வருசத்துச் சாமான்தான் அதில் இருக்க வேண்டும். ஒரு திருகாணி மாறினாலும் விடமாட்டார்.

"புதுச் சாமான் போட்டா அது வேசம் அண்ணாச்சி. பீரியட்னா பீரியட்" என்று முதல் நாளே சொல்லிவிட்டு, தொண்ணூற்று நாலாம் வருசத்துக் கம்பெனி நோட்டீஸ் ஒன்றைக் கண்ணாடித் தாளுக்குள் இருந்து எடுத்துக் காட்டினார். அதில் மகாராஜனின் சைக்கிள், மயில்கழுத்து நிறத்தில், ஒரு பாறைமேல் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்ததும் மகாராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. எலுமிச்சை வாசம் காரமாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் வீட்டில் அகப்படவில்லை. டயர் ஆஷிக் அலியிடமே இருந்தது, ஓரம் பழுப்பு நிறத்தில், சுற்றின காகிதம்கூடப் பிரிக்காமல். பல்சக்கரம் வாசுதேவநல்லூரில் மூடிப்போன ஒரு கடையின் பரணில் கிடைத்தது. லீவர்தான் உயிரை வாங்கியது. கடைசியில் ராயகிரியில் நல்லக்கண்ணு என்று ஒரு சம்சாரி தோட்டத்தில் இருக்கிறது என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தால், மனிதர் அதைக் கழற்றித் தன் டீசல் பம்புக்கு ஆக்சிலேட்டராக மாட்டியிருக்கிறார். கட்டைவிரலால் ஒரு தள்ளு, தண்ணீர் குபுகுபுவென்று பாயும்.

"இது போச்சுன்னா எம் பயிரு காயுமேவே" என்றார் நல்லக்கண்ணு.

மகாராஜன் அங்கேயே உட்கார்ந்து, பையில் இருந்த தறிச் சாமானைக் கொண்டு பம்புக்கு வேறு ஒரு கைப்பிடி செய்து மாட்டினார். பழையதைவிட நன்றாகவே வேலை செய்தது. நல்லக்கண்ணு நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, லீவரோடு ஒரு பை நிறையக் கத்தரிக்காயும் கொடுத்து அனுப்பினார்.

நிறத்துக்கு அவர் செய்ததைக் கேட்டால் பெயிண்ட் கடைக்காரர் இன்றைக்கும் சிரிப்பார். எல்லாரும் நம்பர் சொல்லிப் பெயிண்ட் கேட்பார்கள். மகாராஜன் ஒரு நூல் கண்டைக் கொண்டுபோய்க் கல்லாமேல் வைத்தார். சீட்டுக்கம்பியை உருவியபோது உள்ளே வெயில் படாமல் இருந்த பழைய நிறத்தோடு நூறு கண்டை வைத்துப் பார்த்து அவர் தேர்ந்தெடுத்த கண்டு அது. தறிக்காரருக்கு நிறம் என்றால் நூல்தான். நூலில் பச்சை எவ்வளவு நீலம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும், அதைச் சொல்ல நம்பர் எதற்கு. மூன்று தடவை கலக்கவைத்து, நாலாவது தடவைதான் தலையாட்டினார்.

ஆனி மாதம் ஆஷிக் அலி வீட்டுக்கே வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்தார், போட்டோ எடுத்தார். பின்பக்கம் வந்ததும் சிரித்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, தறியக் கொண்டாந்து பின்னால கட்டிருக்கிய?"

மகாராஜனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆஷிக் அலி நல்ல மனிதர்தான், மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. நோட்டீஸை விரித்துக் காட்டி, "பாருங்க, இதுல கேரியர் உண்டா? இத எடுத்துட்டா வண்டி நூத்துக்கு நூறு. ஆவணியில மதுரையில ஒரு கண்காட்சி இருக்கு, கொண்டு போயிருவோம்" என்றார். அத்தனை அலைந்து அத்தனை சாமான் சேர்த்த பிறகு இந்த ஒரு இடத்தில் மட்டும் மார்க் குறைவானேன் என்று மகாராஜனுக்குத் தோன்றிவிட்டது. பரீட்சை என்றாலே பயப்படுகிற ஆள். ஆஷிக் அலி போன கையோடு கிரைண்டரை எடுத்துக் கேரியரை அறுத்தார். அந்தப் பக்கமாகப் பழைய இரும்பு வண்டி வந்தது, அதில் தூக்கிப் போட்டார். அறுத்த தடத்தைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, இருந்த சுவடே தெரியாமல் செய்தார். வேலை அவ்வளவு சுத்தம்.

ஆடி பிறக்க இரண்டு நாள். வண்டியை வாசலில் சாய்த்து நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். நோட்டீஸில் இருந்து இறங்கி வந்த மாதிரியே நின்றது. அவர் மனைவி சங்கரேஸ்வரி காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாள். அவளுக்கு இந்த இரண்டு மாதமும் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனால் வண்டி அழகாக இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"எல்லாஞ் சரி. கோகிலா எங்க உக்காருவா?"

மகாராஜன் துணியைக் கையில் வைத்தபடி வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். சக்கரத்துக்குமேல் ஒன்றும் இல்லை, வெறும் காற்று. இரண்டு மாதம் எதற்காக ஊர் ஊராக அலைந்தாரோ அந்தக் காரியத்துக்கு வேண்டிய ஒரே சாமானைத் தன் கையாலேயே அறுத்து எறிந்திருக்கிறார். "உங்களுக்கு மூளை எங்க போச்சு?" என்று சங்கரேஸ்வரி கேட்கும்போதே மொபெட்டை எடுத்தார்.

அந்த வண்டி வந்த பழைய இரும்புக் கடை ஜுவைரியாவுடையது. கணவர் போன பிறகு கடையைத் தனியாக நடத்துகிற அம்மாள். மகாராஜன் மூச்சு வாங்க நின்று விவரம் சொன்னார். தறிக் கம்பியில் செய்தது, வெல்டிங் கட்டி கட்டியாக இருக்கும், சாக்கு மெத்தை ஒன்றும் கட்டியிருக்கும்.

"அன்னைக்கு வந்ததெல்லாம் லோடு ஏறிப் போயிட்டே தம்பி" என்றார் ஜுவைரியா.

மகாராஜன் அங்கே கிடந்த ஒரு தகர டின்மேல் உட்கார்ந்துவிட்டார். புதிதாக ஒன்று செய்துவிடலாம். ஒரு நாள் வேலை, இப்போது இன்னும் நன்றாகவே பற்றவைப்பார். அதுதான் அவருக்கு வேண்டாம். நன்றாகப் பற்றவைத்த கேரியரில் கோகிலா உட்கார்ந்ததே கிடையாது. அவர் முகத்தைப் பார்த்த ஜுவைரியா, "இந்தா, முதல்ல தண்ணியக் குடி" என்று சொம்பில் மொண்டு நீட்டினார். வாங்கிக்கொண்டே மகாராஜன் பானையைப் பார்த்தார். பானை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது உட்கார்ந்திருந்த முக்காலியில் வெல்டிங் கட்டி கட்டியாக இருந்தது.

"அக்கா, அதுதான்."

"எது? இந்தப் பானைத்தாங்கியா? நல்லாருக்கேன்னு நாந்தான் எடுத்து வச்சேன். சாக்கு ஒண்ணு இருந்துச்சு, அதுதான் பானைக்கு அடியில கிடக்கு. நீ தூக்கிட்டுப் போனா என் தண்ணிய எங்க வைக்க?"

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஜுவைரியாவின் கடையில் புதிதாக ஒரு பானைத்தாங்கி நின்றது. அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள், "இவ்வளவு நல்லா செய்யத் தெரிஞ்ச ஆளு அந்தக் கோணல் சாமானுக்கு ஏன் அழுத?" என்று கேட்டார். மகாராஜன் கேரியரை வீட்டுக்குக் கொண்டுபோய், அறுத்த இடத்திலேயே மறுபடி பற்றவைத்தார். ஈரச் சாக்கை வெயிலில் காயப்போட்டு, புது நூல் கழிவு அடைத்து, பாவு நூலில் கட்டினார்.

ஆஷிக் அலிக்கு விசயம் தெரிந்து போனில் கத்தினார். கேரியர் இருந்தால் கண்காட்சியில் சேர்க்கவே மாட்டார்கள், இவ்வளவு பாடுபட்டு இப்படிச் செய்துவிட்டீர்களே என்று. மகாராஜன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"தம்பி, தொண்ணூத்தி நாலுல சங்கரங்கோயில்ல கேரியர் இல்லாத சைக்கிள் ஒண்ணு காட்டுங்க. நான் மறுபடி அறுத்துருதேன். நீங்க சொல்லுத பீரியட் அந்த நோட்டீசுல உள்ளது. எனக்கு வேண்டியது இங்க உள்ளது."

அந்தப் பக்கம் கத்தல் இறங்கிவிட்டது. "எங்க வாப்பா வண்டியிலயும் ஒண்ணு இருந்துச்சு அண்ணாச்சி. நான் அதுலதான் தூங்கிட்டே வருவேன்" என்றார் ஆஷிக் அலி. கண்காட்சி பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.

கோகிலா வந்தாள். தலையில் பாதி நரை. இரண்டு பிள்ளைகளும் வேலைக்குப் போய்விட்டார்களாம், வீட்டுக்காரர் தறியை விற்றுவிட்டு வாட்ச்மேன் வேலை பார்க்கிறாராம், அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாளாம். இதையெல்லாம் அவள் சங்கரேஸ்வரியிடம் சொல்ல, சங்கரேஸ்வரி மகாராஜனிடம் உரக்கச் சொன்னாள். தபசு அன்றைக்குக் கூட்டத்தில் நின்று சாமி பார்த்தார்கள். மறுநாள் காலையில், வெயில் ஏறுமுன், மகாராஜன் சைக்கிளை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் அதன்மேல் ஒரு சேலையைப் போட்டு மூடியே வைத்திருந்தார்.

கோகிலா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். ஹேண்டில்பாரைத் தொட்டாள். மலைப்படத்தைத் தடவினாள். பிரேக்கை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

"எல்லாம் அப்படியே இருக்குண்ணே" என்றாள்.

"மெத்தையப் பாத்தியா? அதே சாக்கு. ஏறு, பொட்டல்குளத்துக்குப் போயிட்டு வந்துருவோம்."

கோகிலா மெத்தையை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தாள். ஏறவில்லை. மகாராஜன் காலைப் பெடலில் வைத்துத் தயாராக நின்றார்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாத" என்றாள். அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கிட்ட வந்து சொன்னாள். "ரெண்டு வருசம் இதுல உக்காந்து உன் முதுகத்தான் பாத்தேன். இந்த ரோட்ட ஒரு நாள்கூட நேரா நின்னு பாக்கல. எத்தனை தடவை கேட்டேன், ஒரு தடவை ஓட்டுதேன்னு. நாளைக்கு நாளைக்குன்ன. பிவண்டிக்குப் போயி, முப்பத்தஞ்சு வயசுல, மத்த பொம்பளைக சிரிக்க சிரிக்க வாடகை சைக்கிள் எடுத்துப் படிச்சேன். படிக்கும்போதெல்லாம் இந்த வண்டிதான் மனசுல."

மகாராஜனுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. அவர் எந்தப் பாரத்தைச் சுகம் என்று இத்தனை வருசம் சுமந்தாரோ, அதன் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது வேறாக இருந்திருக்கிறது. அவள் பின்னால் உட்கார வேண்டும், அந்தச் சத்தம் முதுகில் பட வேண்டும் என்கிற ஆசை அவர் நெஞ்சுக்குள் ஒரு தடவை முட்டிப் பார்த்தது. ஒரே ஒரு தடவை ஏறு, வரும்போது நீ ஓட்டு என்று கேட்டிருந்தால் அவள் ஏறியிருப்பாள். தங்கமான பிள்ளை. அது தெரிந்ததால்தான் அவர் கேட்கவில்லை. காலைப் பெடலில் இருந்து எடுத்து, ஹேண்டில்பாரை அவள் பக்கம் திருப்பினார்.

கோகிலா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். இரண்டு சுற்று தெருவிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"பின்னால ஏறு."

"நானா? ஏட்டி, நான் தொண்ணூறு கிலோ."

"யானையே உக்காரலாம்னு சொல்லுவேல்லா. ஏறு."

ஏறினார். தெருவே பார்த்தது. பூ வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரூபியா டீச்சர், "அண்ணாச்சிக்கு இன்னைக்குச் சவாரியா?" என்று கேட்டார். மகாராஜன் காதில் விழாத மாதிரி வைத்துக்கொண்டார், காது மந்தத்தில் அது ஒரு வசதி. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ரோடு காலியானது. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. காலை வைக்க இடமே இல்லை. அன்றைக்குக் கேரியர் செய்தபோது மிதிகட்டை என்று ஒன்று வைக்க அவருக்குத் தோன்றவில்லை. காலைத் தூக்கிப் பிடித்தே வர வேண்டியிருந்தது, ரெண்டு கிலோமீட்டரில் தொடை விட்டுப்போனது. கம்பி மெத்தையைத் தாண்டிக் குத்தியது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கோகிலாவின் முதுகு தெரிந்தது. வேர்வையில் ஒட்டின சுடிதார், நரைத்த சடை, அதில் சங்கரேஸ்வரி வைத்துவிட்ட மல்லிகைச் சரம். இவ்வளவுதான். இரண்டு வருசம், போக ஒன்பது, வர ஒன்பது, ஒரு பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டே புத்தகம் படித்திருக்கிறாள்.

மேடு வந்தது, கோகிலா மூச்சு வாங்கினாள். கட்டைவிரலால் ராயகிரி லீவரைத் தள்ளினாள், சங்கிலி கிடுக்கென்று பல் மாறி உட்கார்ந்தது. முகத்துக்கு நேராக என்றால் மகாராஜனுக்கு அந்தப் பேச்சு ஜென்மத்துக்கும் வந்திருக்காது. முதுகைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது.

"கோகிலா. அன்னைக்கு அப்பா கேட்டப்போ நான் பேசிருக்கணும். புள்ள படிக்கட்டும்னு சொல்லிருக்கணும். சொல்லல. எனக்கு அது உறுத்திக்கிட்டேதான் இருக்கு."

சைக்கிள் அதே வேகத்தில் போனது. குளத்துக்கரை முடிகிற வரைக்கும் அவள் பேசவில்லை. பேசினாளோ, தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று அவர் முன்னால் சாய்ந்து காதை அவள் முதுகுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அழுகிறாளா என்றும் தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாது.

அவருக்குச் சும்மா வர முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருமுனை வரைக்கும் கேட்கிற அந்தக் குரலில் ஆரம்பித்தார்.

"மனித இதயம் நான்கு அறைகளைக் கொண்டது. மேலே இரண்டு ஆரிக்கிள்கள். கீழே இரண்டு வென்ட்ரிக்கிள்கள். நுரையீரலிலிருந்து வரும் சுத்த ரத்தம் வலது ஆரிக்கிளுக்கு வருகிறது."

"இடது" என்றாள் கோகிலா.

"என்னது?"

"இடது ஆரிக்கிள்ணே. வலதுல வாரது கெட்ட ரத்தம்." குரல் கரகரத்திருந்தது. "மத்ததெல்லாம் எனக்கு மறந்துபோச்சு. நீ சொல்லு."

மகாராஜன் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பொட்டல்குளத்துக்கு இன்னும் அஞ்சு கிலோமீட்டர் இருந்தது.